சுங்கச்சாவடி இல்லாத வியாபாரம்



நம் பாப்பிரெட்டிப்பட்டியில் துணிக்கடை வைத்திருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் கேட்டார்: "சார், நான் ஒழுங்கா ஜி.எஸ்.டி. கட்டுறேன். போன்ல என் கடை விளம்பரத்தைப் போட்டுக் காசு வாங்குற வெளிநாட்டுக் கம்பெனி இங்கே வருமான வரி கட்டுதா?"

பதிலுக்குக் கொஞ்சம் வரலாறு வேண்டும்.

காவிரிப்பூம்பட்டினத்தில் சரக்குகளுக்குப் புலி முத்திரை இட்டுச் சுங்கம் வாங்கியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. முதலாம் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்றே பெயர். சுங்கம் வாங்கினாலும் தவிர்த்தாலும், சரக்கு ஒரு துறையைக் கடந்தே ஆகவேண்டும். 1920களில் சர்வதேச சங்கத்தில் உருவான விதியும் அப்படித்தான்: ஒரு நாட்டில் அலுவலகம், தொழிற்சாலை என நிலையான இடம் இருந்தால்தான் வெளிநாட்டுக் கம்பெனியின் வியாபார லாபத்துக்கு அந்த நாடு வரி போடலாம்.

இணையக் கம்பெனிக்கு இங்கே இடமே தேவையில்லை. அதனால் இந்தியா 2016 ஜூன் 1 முதல் சுங்கச்சாவடியை வாடிக்கையாளரின் கல்லாவிலேயே வைத்தது. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் விளம்பரப் பணம் தரும் நம் ஊர் நிறுவனம், அதில் 6 சதவீதத்தைப் பிடித்து அரசுக்குக் கட்டவேண்டியிருந்தது. மக்கள் அதை 'கூகுள் வரி' என்றார்கள். 2020 ஏப்ரலில் வெளிநாட்டு இணைய விற்பனைத் தளங்களுக்கும் 2 சதவீதம் வந்தது.

அமெரிக்கா பொறுக்கவில்லை. நம் இறால், பாசுமதி அரிசி, நகைகள் மீது 25 சதவீதக் கூடுதல் வரி விதிப்பதாக 2021 ஜூனில் அறிவித்து, உடனே நிறுத்தியும் வைத்தது. இணையக் கம்பெனிக்கு வரி போட்டால் இறால் வளர்ப்பவர் தலையில் அடி! அந்த அக்டோபரில் 136 நாடுகள் பொது ஏற்பாடு ஒன்றுக்கு ஒப்புக்கொண்டன. ஆனால் லாபத்தைச் சந்தை நாடுகளுக்குப் பங்கிடும் பகுதி இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. அதற்குள் 2024 ஆகஸ்டில் 2 சதவீதத்தையும், அமெரிக்காவுடன் வர்த்தகப் பேச்சு நடந்த வேளையில், 2025 ஏப்ரலில் 6 சதவீதத்தையும் நாம் கைவிட்டோம்.

ஆகவே தம்பி, உன் கேள்விக்குப் பதில் இதுதான்: அந்தக் கம்பெனிக்கு இங்கே கிளை நிறுவனம் இருந்தால், அதன் கணக்கில் வரும் லாபத்துக்கு வரி உண்டு. எல்லைக்கு அப்பால் கணக்கு எழுதப்படும் லாபம் பெரும்பாலும் நம் கைக்கு எட்டாது. சோழன் சுங்கம் தவிர்த்தது தன் விருப்பத்தால். நாம் தவிர்த்தது அப்படியா என்று நீங்களே யோசித்து எழுதுங்கள். மதிப்பெண் கிடையாது, படித்துப் பார்ப்பேன்.