சிடி டிரான்ஸ்போர்ட்: ஒரு பெட்டி இரண்டான கதை

1982 அக்டோபர் 1. ஜப்பானில் சோனியின் சிடிபி-101 விற்பனைக்கு வந்த நாள். விலை 1,68,000 யென். தட்டை உள்ளே தள்ளினால் பாட்டு வெளியே வரும், அவ்வளவுதான். அடுத்த பத்தே வருடத்தில் இதே வேலைக்கு இரண்டு பெட்டிகள், நடுவில் ஒரு கேபிள் என்று இசைப் பைத்தியங்கள் காசைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். எதற்கு இந்த வம்பு?

சிடி ப்ளேயர் உண்மையில் இரண்டு வேலை செய்கிறது. தட்டைச் சுழற்றி, லேசரால் குழிகளைப் படித்து எண்களாக்குவது ஒன்று. வினாடிக்கு 44,100 முறை வரும் அந்த 16 பிட் எண்களை மின்னலையாக மாற்றுவது இன்னொன்று. முதல் வேலையை மட்டும் செய்யும் பெட்டிதான் டிரான்ஸ்போர்ட். இரண்டாவதைச் செய்வது டிஏசி.

பிரித்ததற்கு நியாயமான காரணம் இருந்தது. மோட்டாரும் அதன் சர்க்யூட்டும் கிளப்பும் மின் இரைச்சல், நுட்பமான அனலாக் பகுதிக்கு நல்ல அண்டை வீட்டுக்காரர் இல்லை. மேலும், மாற்றும் சில்லுகள் வேகமாக மாறிக்கொண்டிருந்தன. பிலிப்ஸின் முதல் ப்ளேயரான சிடி100-இல் இருந்தது 14 பிட் சில்லு. பிறகு 16 பிட் வந்தது, 1980களின் கடைசியில் ஒரு பிட் முறை வந்தது. ஒவ்வொரு முறையும் முழு ப்ளேயரையும் தூக்கிப் போடுவானேன்? 1985-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் ஆடியோ, சிடி1 என்ற ப்ளேயரைத் தனித்தனிப் பெட்டிகளாகவே விற்றது. பின்னால் டிஏசி மட்டும் தனியாகவும் கடைக்கு வந்தது.

சண்டை தொடங்கியது இதற்குப் பிறகுதான். "எண் எண்தானே, எந்தப் பெட்டி படித்தால் என்ன?" என்றார்கள் பொறியாளர்கள். பாதி உண்மை. சிடியின் பிழை திருத்தும் முறை, 1960-இல் ரீடும் சாலமனும் எழுதிய கணிதத்தில் பிறந்தது. சுமார் 2.5 மில்லிமீட்டர் நீளக் கீறலைக்கூட அது தடயமில்லாமல் சரி செய்துவிடும். ஆக, ஒழுங்காக வேலை செய்யும் மலிவுப் பெட்டியும் விலையுயர்ந்த பெட்டியும் தருவது அதே எண்கள்தான். (தட்டின் விளிம்பில் பச்சை மையைப் பூசினால் ஒலி மேம்படும் என்று 1990 வாக்கில் ஒரு கூட்டம் பேனாவோடு அலைந்தது. அதுவும் நடந்தது!)

மீதிப் பாதி காலம். பாடகர் ஒரு ஸ்வரம்கூடப் பிசகாமல் பாடலாம், ஆனால் தாளம் ஆடினால் கச்சேரி போச்சு. சோனியும் பிலிப்ஸும் வகுத்த எஸ்பிடிஐஎஃப் இணைப்பில் எண்ணும் தாளமும் ஒரே கம்பியில் கலந்து போகின்றன. டிஏசி அதிலிருந்து தாளத்தைப் பிரித்தெடுக்க வேண்டும். 1992-இல் கிறிஸ் டன், மால்கம் ஹாக்ஸ்ஃபோர்ட் இருவரும் ஒரு கட்டுரையில் இதன் ஓட்டையைக் காட்டினார்கள். கேபிளும் சர்க்யூட்டும் அலைகளின் விளிம்பை மழுக்கும்போது, முன்னால் போன எண்களைப் பொறுத்தே அடுத்த தாளம் சற்று முன்பின் நகர்கிறது. இதுதான் ஜிட்டர். பெட்டியைப் பிரித்ததால் வந்த வினை! ஒரே பெட்டியில் டிஏசிக்குப் பக்கத்திலேயே கடிகாரம் இருந்தது.

ஸ்காட்லாந்தின் லின் நிறுவனம் வேறு வழி பார்த்தது. நியூமெரிக் டிஏசியிலிருந்து கேரிக் என்ற சுழலும் பெட்டிக்குத் தாளம் திரும்பிப் போக இன்னொரு கம்பி. அடி சொல்பவர் மாறினார். அழகான தீர்வு, ஆனால் ஒரே நிறுவனத்தின் இரண்டு பெட்டியையும் வாங்க வேண்டும்.

காதுக்கு இது கேட்குமா? 1998-இல் பெஞ்சமினும் கேனனும் செய்த சோதனையில், இசையில் ஜிட்டரைக் கண்டுபிடிக்கப் பல பத்து நானோ நொடிகள் தேவைப்பட்டன. 2005-இல் ஜப்பானில் செய்த சோதனையில் அது நூற்றுக்கணக்கான நானோ நொடியானது. உருப்படியான டிரான்ஸ்போர்ட்டில் இருப்பதோ பெரும்பாலும் சில நானோ நொடிக்குள். போதாததற்கு, பின்னால் வந்த டிஏசிகளில் பல, வரும் தாளத்தைக் கழித்துவிட்டுத் தம் சொந்தக் கடிகாரத்தைப் பின்பற்றுகின்றன. லட்சம் கொடுத்து டிரான்ஸ்போர்ட் வாங்குபவர் பெரும்பாலும் அலுமினியத்துக்குத்தான் கொடுக்கிறார்.

ஆகவே கவலைப்பட வேண்டியது ஒலியைப் பற்றி அல்ல, ஆயுளைப் பற்றி. பிலிப்ஸின் ஆடும் கை கொண்ட சிடிஎம்-1 போன்ற பழைய இயந்திரங்களின் உற்பத்தி எப்போதோ நின்றுவிட்டது. லேசர் களைத்துவிட்டால் மாற்று கிடைப்பது குதிரைக்கொம்பு. டிஏசி போனால் வேறு வாங்கிவிடலாம். கேபிளுக்கு 75 ஓம் வீடியோ கேபிளே போதும். ஆம்பிளிஃபயரில் உறுமல் வந்தால் கண்ணாடி இழை இணைப்புக்கு மாறலாம், அதில் மின்தொடர்பே கிடையாது. பழைய பெட்டி என்றால், அடியில் பயணத்துக்காக முடுக்கிய திருகு இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் கழற்றிவிட்டு, சமதளத்தில் வைக்க வேண்டும்.

பழையதை விலை பேசும்போது கையோடு ஒரு நீளமான சிடியைக் கொண்டுபோய்க் கடைசிப் பாட்டைப் போடச் சொல்வது நல்லது. சிடி உள்ளிருந்து வெளியே படிக்கப்படுகிறது. தளர்ந்த இயந்திரம் முதல் பாட்டில் நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு, விளிம்பில் போய்த்தான் திக்கும்.