காடு கடந்து வந்த பாட்டு

2016ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் டிஸ்னி நிறுவனத்தின் இந்தியக் கிளை ஒரு பாட்டுக் காணொளியை வெளியிட்டது. அவ்வாண்டு ஏப்ரல் 8 அன்று இந்தியத் திரையரங்குகளுக்கு வரவிருந்த 'தி ஜங்கிள் புக்' படத்தின் இந்தி வடிவத்துக்கான விளம்பரம் அது. பாட்டு புதியதன்று. 1993 வாக்கில் தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் ஒளிபரப்பான 'ஜங்கிள் புக்' தொடரின் முகப்புப் பாட்டு. குல்சார் எழுதி விஷால் பரத்வாஜ் இசையமைத்த அதனை, ஏறத்தாழ 23 ஆண்டுகளுக்குப் பின் அவ்விருவரைக் கொண்டே மீண்டும் உருவாக்கியிருந்தார்கள். ஹாலிவுட் படம் ஒன்று தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளத் தூர்தர்ஷனின் பழைய பாட்டை நாடியது என்பதை வியப்புடன்தான் முதலில் எண்ணினேன். பிறகு அதனை வணிகக் கணக்காகவும் பார்க்க முடிந்தது. 1993இல் பத்து வயதிலிருந்தவர்கள் 2016இல் பெற்றோராகியிருந்தார்கள். நுழைவுச்சீட்டை வாங்குவது பிள்ளைகள் அல்லர் அல்லவா?

அப்பாட்டின் பூர்வீகத்தைத் தேடிப் போனால் காடு அடர்ந்துகொண்டே போகிறது. தூர்தர்ஷன் காட்டிய தொடர் இந்தியாவில் உருவானதன்று. ஜப்பானின் நிப்பான் அனிமேஷன் நிறுவனம் 1989-90இல் உருவாக்கிய 52 பகுதிகள் கொண்ட அனிமே அது. இந்திக் குரல்களோடு இங்கு வந்தபோது, ஜப்பானிய முகப்புப் பாட்டு நீக்கப்பட்டு இங்கேயே புதிய பாட்டு எழுதப்பட்டது. உள்ளாடையைக் குறிக்கும் ஒரு சாதாரண வீட்டுச்சொல்லைக் குல்சார் அதில் பூவோடு சேர்த்துக் கட்டியிருந்தார். அச்சொல் குழந்தைகளுக்கு ஏற்றதன்று என்று எதிர்ப்பு எழுந்ததாகவும், அதை மாற்ற அவர் உடன்படவில்லை என்றும் சொல்லப்படுகிறது. அவர் உடன்பட்டிருந்தால் அப்பாட்டு இவ்வளவு காலம் நின்றிருக்குமா என்பது ஐயமே. குழந்தைகள் தம்முடையதென்று பற்றிக்கொண்டது அந்தச் சொல்லைத்தான். அத்தொடரில் புலி ஷேர்கானுக்குக் குரல் கொடுத்த நானா படேகரையே 2016இன் இந்திப் படத்திலும் ஷேர்கானாகப் பேச வைத்தார்கள். முன்னரே வெட்டி வைத்த கிணற்றில் நீர் இறைப்பது போன்ற வேலை இது.

திண்டுக்கல்லில் எங்கள் வீடு நாகல்நகர்ப் பகுதியில் இருந்தது. கறிக்கடையும் பூட்டுப் பட்டறையும் தறிச்சத்தமும் அடுத்தடுத்து இருந்த ஊர். மாடியில் கட்டிய ஆன்டெனாவை மேற்கே கொடைக்கானலை நோக்கித் திருப்பி வைத்தால் படம் தெளியும். காற்றடித்துத் திரும்பிவிட்டால் புள்ளிமழை பெய்யும். சன் தொலைக்காட்சி 1993 ஏப்ரலில் தொடங்கிவிட்டபோதிலும் கேபிள் கம்பி எங்கள் தெருவுக்கு வரவில்லை. ஆகவே ஞாயிறு காலையில் தெருவிலிருந்த தொலைக்காட்சிகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே பாட்டைப் பாடின. ஒரு நாட்டின் குழந்தைகள் அத்தனை பேருக்கும் ஒரே நினைவு வாய்த்தது ஏதோ மாயத்தினால் அன்று. பெரும்பாலோருக்கு வேறு அலைவரிசை இல்லாததனால். பொதுநினைவு என்று நாம் பெருமையாகச் சொல்வதன் அடியில் இப்படியொரு தனியுரிமை இருந்தது என்பதையும் மறப்பதற்கில்லை.

அந்தத் தனியுரிமை பேசிய மொழி இந்தி. என் தந்தை 1965இல் மதுரையில் கல்லூரி மாணவர். அவ்வாண்டு ஜனவரியில் அந்நகரில் நடந்தவற்றை நேரில் கண்டவர். இந்தி நிகழ்ச்சி தொடங்கியதும் எழுந்து சென்று ஒலியைக் குறைத்துவிடுவார். "பாக்குறதப் பாரு, சத்தம் எதுக்கு?" என்பார். பல தொடர்களை நான் ஊமைப்படங்களாகவே பார்த்து வளர்ந்தேன். 'ஜங்கிள் புக்'குக்கு மட்டும் அவர் எழுந்திருக்கவில்லை. முற்றத்துக் கண்ணாடியின் முன் நின்று முகம் மழித்துக்கொண்டிருப்பார். ஒரு ஞாயிறு, சோப்பு நுரையோடு இருந்த அவர் வாய்க்குள் அதே மெட்டு ஓடிக்கொண்டிருந்ததை நான் கேட்டேன். திரும்பிப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். அதைப்பற்றி இருவரும் ஒருநாளும் பேசியதில்லை.

எங்களுக்குப் பொருள் தெரியாது. கேட்டபடி கேட்டு, கேளாததை நாங்களே நிரப்பிப் பாடினோம். தெருவின் சௌராஷ்டிர வீட்டு நண்பன் ஒருவன், பூவைக் குறிக்கும் சொல் தங்கள் வீட்டிலும் ஏறக்குறைய அதுதான் என்று பொருள் சொல்லத் தொடங்கினான். தமிழும் சௌராஷ்டிரமும் பேசும் பிள்ளைகள், ஓர் ஆங்கிலேயர் எழுதி ஜப்பானியர் வரைந்த கதைக்கு வாய்த்த இந்திப் பாட்டை, தறிச்சத்தத்தின் தாளத்தில் பாடினார்கள். எந்தத் திட்டக்குழுவும் இதைத் திட்டமிட்டிருக்க முடியாது.

அந்த ஆங்கிலேயரின் கதையும் இங்கே நினைக்கத்தக்கது. ரட்யார்ட் கிப்ளிங் 1865 டிசம்பர் 30 அன்று பம்பாயில் பிறந்தவர். ஆயாவும் வேலையாளும் கதையும் பாட்டும் சொல்லி வளர்த்த பிள்ளை. அவர்களிடம் உள்ளூர் மொழியில் பேசிப் பழகி, பெற்றோரிடம் போகும்போது ஆங்கிலத்தில் பேசுமாறு நினைவூட்டப்பட்டதாகத் தம் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். 1871இல், ஆறு வயது நிறையும் முன்பே, தங்கையோடு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு, அயலார் வீட்டில் ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் துயரத்தோடு கழித்தார். பின்னாளில் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், பனி சூழ்ந்த குளிர்காலத்தில் அமர்ந்து, மத்திய இந்தியாவின் சிவனிக் காட்டைக் கற்பனையில் எழுதினார். 'ஜங்கிள் புக்' 1894இல் வெளிவந்தது. ஆட்சியாளரின் பார்வை அவர் எழுத்தில் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் பெற்றோரைப் பிரிந்து வேறோர் இனத்தாரிடம் வளரும் மௌக்லி, அவரே இழந்த பிள்ளைப்பருவத்தின் சாயல் கொண்டவன் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆக, காணொளி விற்ற ஏக்கத்துக்கு மூலமே ஓர் ஏக்கம்தான்.

பிள்ளைமையை நினைத்து ஏங்குதல் திரைப்பட வணிகம் கண்டுபிடித்த உணர்ச்சியன்று. வகுப்பில் ஆண்டுதோறும் நான் நடத்தும் புறநானூற்று 243ஆம் பாட்டு அதுவே. தொடித்தலை விழுத்தண்டினார் என்று பாட்டின் சொல்லாலேயே பெயர் பெற்ற ஒரு முதியவர், கோலூன்றி, இருமலுக்கு இடையே சில சொற்களாகப் பேசுகிறார். மணற்பாவைக்குப் பூச்சூட்டியதும், நீர்மேல் தாழ்ந்த மருத மரக்கிளையில் ஏறி, கரையில் நிற்போர் வியக்க மடுவில் குதித்ததும், ஆழத்திலிருந்து மணலை அள்ளி வந்து காட்டியதும் அவர் நினைவில் எழுகின்றன. இப்பாட்டுக்குப் பழையோர் வகுத்த துறை கையறுநிலை. இறந்தோரை நினைந்து இரங்கும் துறை அது. இறந்துபட்டது ஒரு மன்னனோ வள்ளலோ அல்லன், பாடுகிறவரின் இளமையே. அதையும் ஒரு சாவாகவே எண்ணித் துறை வகுத்தவரின் நுட்பத்தை நான் பலமுறை வியந்ததுண்டு.

மடுவின் மணலை அள்ளி வந்து காட்டுவது, அடிவரை சென்றேன் என்பதற்குச் சான்று. 2016இன் காணொளியும் அப்படியொரு பிடி மணலைக் காட்டியது. ஆனால் அந்த மணலை அள்ளியவர் கை நம்முடையதன்று. நம் மடுவில் வேறொருவர் மூழ்கி எடுத்து, நமக்கே விலைக்குக் காட்டினார். இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் காட்டியிராவிட்டால் மடு இருந்ததே எனக்கு நினைவுக்கு வந்திருக்காது. என் தந்தை 2011இல் மறைந்தார். காணொளியைக் கணினியில் பார்த்தபோது திரையில் கரடியும் சிறுத்தையும் ஓடின. நான் கண்டது கண்ணாடியும் சோப்பு நுரையும்.

அந்த நினைவு எந்த மொழியைச் சேர்ந்தது என்று பலநாள் யோசித்திருக்கிறேன். திணிப்பை எதிர்த்த தலைமுறையின் வீட்டுக்குள் அந்தப் பாட்டு ஆணை வழியாக நுழையவில்லை. ஒரு குழந்தையின் மகிழ்ச்சியைப் பார்த்து ஒரு மனிதர் எழுந்திருக்காமல் இருந்ததன் வழியாக நுழைந்தது. அவர் கொள்கை கடைசிவரை மாறவில்லை. மாற வேண்டும் என்று நானும் எண்ணியதில்லை. ஒலியைக் குறைத்ததும் குறைக்காமல் விட்டதும் ஒரே அன்பின் இரு செயல்கள் என்று இப்போது படுகிறது.

என் மாணவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. 2007 ஏப்ரலில் சுட்டி டிவி வந்தபின் அவர்களுடைய கேலிச்சித்திரங்கள் தமிழில் பேசின. இந்திய-ஜப்பானியக் கூட்டில் உருவாகி 1993இல் இங்கு திரையிடப்பட்ட அனிமே 'ராமாயணா', 2025 ஜனவரி 24 அன்று தமிழ்க் குரலோடும் திரையரங்குகளுக்கு வந்தது. இனிவரும் காணொளி விளம்பரங்கள் அவர்களுடைய மடுவில் தமிழிலேயே மூழ்கும். அதில் எனக்கு மகிழ்ச்சியே. சென்ற பருவத்தில் 243ஆம் பாட்டை நடத்தி முடித்ததும் ஒரு மாணவி, "ஐயா, நீங்க எந்தக் குளத்துல குதிச்சீங்க?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. எங்கள் தெருவில் குளம் இல்லை, ஞாயிற்றுக்கிழமைதான் இருந்தது என்றேன்.