சூலகக் கட்டியும் சத்திர வைத்தியமும்

சூலகத்தில் நீர்க்கட்டி பெருத்து வயிறு பருத்தால், கர்ப்பமென்றோ மகோதரமென்றோ மயங்குவது முற்கால வழக்கம். 1809இல் அமெரிக்காவின் கென்டக்கியில், கர்ப்பிணியெனக் கருதப்பட்ட ஜேன் கிராபோர்ட் என்னும் மாதின் வயிற்றைக் கீறி, 22 இறாத்தலுக்கு மேற்பட்ட கட்டியை மக்டவல் என்னும் வைத்தியர் அகற்றினார். மயக்கமருந்து அறியாத காலம் அது! அம்மாது பின்னும் 32 ஆண்டுகள் வாழ்ந்தாள்.

சத்திர வைத்தியத்தை யாழ்ப்பாணத்தார் தமிழிலேயே கற்க வழிசெய்தவர், 1847இல் வந்த அமெரிக்கர் சாமுவேல் கிறீன். மானிப்பாயிலிருந்து பிரசவ வைத்தியம், இரண வைத்தியம் முதலிய நூல்களைத் தமிழாக்கினார். நோய்க்குத் தமிழ்ப்பெயர் இருந்தாலன்றோ நோயாளி துணிவாள்? 1898இல் இணுவிலில் பெண்களுக்கென மக்லியொட் மருத்துவமனையும் எழுந்தது.

இந்நாளிலோ சிறு துளை வழியே நீரை உறிஞ்சி, சுருங்கிய பையை வெளியே எடுக்கின்றனர். புற்றுநோய் ஐயமிருப்பின் அந்நீர் வயிற்றினுள் சிந்தலாகாது. அப்போது மக்டவல் காலத்துப் பெருங்கீறலே தக்கது.