நிற்கத் தெரிந்த வண்டி



சொந்தமாக ஒரு சிறிய மெசின் கட்டுபவருக்கு முதலில் வரும் சிக்கல், ஒரு பாகத்தை நேர்கோட்டில், ஒவ்வொரு முறையும் ஒரே அளவு நகர்த்துவதுதான். இதற்கென்றே செய்து விற்கும் நகர்மேடைகள் விலை கூடியவை. ஆனால் மலிவான நகர்மேடை ஒன்று 19ஆம் நூற்றாண்டிலேயே அலுவலகங்களுக்கு வந்துவிட்டது. அதுதான் தட்டச்சுப் பொறியின் மேல் ஓடும் வண்டி.

அந்த வண்டியை ஒரு சுருள்வில் எப்போதும் இடப்பக்கம் இழுத்துக்கொண்டிருக்கும். பற்சட்டம் அதைத் தடுத்து வைத்திருக்கும். எழுத்தைத் தட்டினால் ஒரு பல் மட்டும் விடுபடும். ஆங்கிலப் பைக்கா எழுத்தில் அந்த நகர்வு 2.54 மில்லிமீற்றர். வில் ஒரே பக்கம் இழுப்பதால், பற்களில் சிறிது ஆட்டம் இருந்தாலும் அளவு கெடாது.

தமிழுக்கு இது மட்டும் போதவில்லை. 247 எழுத்துகளையும் நாற்பத்துச் சொச்ச விசைகளுக்குள் அடக்கவேண்டும். புள்ளிக்குத் தனி விசை வைத்தாலோ, அதைத் தட்டியதும் வண்டி நகர்ந்து புள்ளி தனியே நின்றுவிடும்.

இந்தச் சிக்கலைத் தீர்த்தவர் யாழ்ப்பாணம் சுண்டுக்குளியில் 1886இல் பிறந்து, சிங்கப்பூரில் ஆங்கில நிறுவனமொன்றில் வேலை பார்த்த ஆர். முத்தையா. அவர் பயன்படுத்தியது நகரா விசை. புள்ளியைத் தட்டினால் வண்டி அசையாது. பிறகு 'ல' தட்டினால் இரண்டும் சேர்ந்து 'ல்' ஆகும்; அப்போதுதான் வண்டி நகரும். பிரெஞ்சுத் தட்டச்சில் உயிரெழுத்தின் மேல் தொப்பிக்குறி போடுவதும் இதே முறையில்தான். அவருடைய பொறியை ஜேர்மனியின் ட்ரெஸ்டன் நகரத்து சைடல் அன்ட் நௌமான் நிறுவனம் செய்துகொடுத்தது. வண்டியைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. அதை எப்போது நிறுத்துவது என்பதே கேள்வி.

புள்ளி தவறினால் 'பல்', 'பல' ஆகிவிடும். பிறப்புச் சான்றிதழையும் காணி உறுதியையும் காவிக்கொண்டு நாடு மாறிய எங்களுக்கு, ஓர் எழுத்துப் பிசகினால் என்ன நடக்கும் என்று சொல்லித்தரத் தேவையில்லை.

இன்று திருகாணியில் ஓடும் நகர்மேடை செய்வோர் இரண்டு நட்டுகளுக்கிடையில் ஒரு வில்லை வைப்பதும் அந்த ஆட்டத்தை அடக்கத்தான். பழைய மைப் பிறிண்டருக்குள்ளும் உருக்குக் கம்பி, பெல்ட், மோட்டார், இருக்கும் இடத்தை அளக்க நுண்கோடுகள் போட்ட பிளாஸ்டிக் பட்டி எல்லாம் உண்டு. வெக்ஸ்போர்ட்டில் எங்கள் வீட்டு நிலவறைகளில் அப்படி ஒன்று கிடந்தால், குப்பைக்குப் போகுமுன், மின்வயரைக் கழற்றிவிட்டு, பிள்ளைகளைத் திறந்து பார்க்க விடுங்கள். அவர்கள் தேடும் நகர்மேடை அதற்குள் இருக்கலாம்.