ஆண்பெயர் பெண்பெயரான வரலாறு

‘ஷெர்லி’ என்றதும் ஒரு பெண்ணையே நாம் எண்ணுகிறோம். ஆயினும், அப்பெயர் முதலில் ஊர்ப்பெயராகவும், பின்னர்க் குடிப்பெயராகவும், அதன்பின் ஆண்மக்கள் சிலரின் இயற்பெயராகவும் இருந்தது. அதனைப் பெண்பாலாக்கியது ஒரு நாவல்.

இங்கிலாந்தில் ஷெர்லி என்னும் ஊர்கள் பல உள்ளன. ‘லே’ என்னும் பழைய ஆங்கில ஈறு காட்டையும், காடு திருத்திய வெளியையும் குறிக்கும். முன்னிற்கும் ‘ஷிர்’ என்பதற்கு ‘ஒளியுடைய’ என்று பொருள் கொள்வர். ஆட்சிப் பிரிவைக் குறிக்கும் ‘ஷயர்’ என்பாரும் உளர். டார்பிஷயரிலுள்ள ஷெர்லி, 1086ஆம் ஆண்டு நிலக்கணக்கேட்டிலேயே இடம்பெற்ற ஊர். அவ்வூரால் பெயர்பெற்ற ஷெர்லி குடியினர் 1711இல் பெரர்ஸ் பிரபுக்களாயினர். ஊர்ப்பெயரைப் பெயரின் முன்னே சூடும் மரபுடைய தமிழர்க்கு இஃது அயலாகத் தோன்றாது.

சமயச் சீர்திருத்தக் காலத்திற்குப் பின், உயர்குடியினர் தாய்வழிக் குடிப்பெயரை மகனுக்கு முதற்பெயராக இடலாயினர். பெர்சி, சிட்னி, ஸ்டான்லி முதலிய குடிப்பெயர்கள் ஆண்பெயர்களானது இவ்வழக்கினாலேயே. ஷெர்லியும் அவ்வாறே அருகி வழங்கியது.

1849இல் சார்லட் பிராண்டி ‘ஷெர்லி’ என்னும் நாவலை வெளியிட்டார். யார்க்‌ஷயர் ஆலைத் தொழிலாளர் இயந்திரங்களை உடைத்த 1811, 1812ஆம் ஆண்டுகளே அதன் களம். ஆண்மகவை எதிர்நோக்கிய பெற்றோர், பெண் பிறந்தும், மகனுக்கென எண்ணியிருந்த குடிப்பெயரையே அவளுக்குச் சூட்டினர். அவளும் நிலக்கிழாராய் நின்று, ஆண்களுக்கு ஈடாக வழக்காடுகிறாள். ஆணோ பெண்ணோ என்று துணிய இயலாப் புனைபெயரில் எழுதிய ஆசிரியர், தம் தலைவிக்கு ஆண்பெயரே இட்டது தற்செயலன்று. இந்நாவலை எழுதிவந்த காலத்தில்தான், 1848 செப்டம்பர் முதல் 1849 மே வரையிலான ஒன்பது திங்களுக்குள், அவர் தம் உடன்பிறந்தார் மூவரை இழந்தார். அவருள் ஒருவரான எமிலி நலமும் வளமும் பெற்று வாழ்ந்திருந்தால் எவ்வாறிருப்பாரோ, அவ்வாறே ஷெர்லியைப் படைத்ததாகச் சார்லட் கூறியதை அவர் வரலாற்றை எழுதிய கேஸ்கல் அம்மையார் குறித்துள்ளார். தங்கைக்கு எழுப்பிய நினைவுச் சின்னம் என்றே அதனைக் கொள்ளலாம்.

பெயரின் ஈறே பெரும்பாலும் பாலை உணர்த்தும் தமிழில் இத்தகைய மாற்றம் எளிதன்று. ஆங்கிலப் பெயர்க்கோ அக்காவல் குறைவு. நாவலுக்குப் பின் பெண்மக்கள் இப்பெயர் பெறலாயினர். 1928இல் பிறந்த ஷெர்லி டெம்பிள் என்னும் சிறுமி திரையில் புகழ்பெற்றதும் அது பெருவெள்ளமாயிற்று. 1935இல் மட்டும் அமெரிக்காவில் 40,000க்கு மேற்பட்ட பெண்குழந்தைகளுக்கு இப்பெயர் இடப்பட்டது. அவ்வாண்டு மேரிக்கு அடுத்த இடம் இதற்கே.

ஆண்வழக்கு உடனே மறையவில்லை. 1930இல் யார்க்‌ஷயரில் ஷெர்லி கிராப்ட்ரீ என்னும் ஆண்மகன் தந்தையின் பெயரையே பெற்றுப் பிறந்தார். அவர் பள்ளிச் சிறுவனாயிருந்த ஆண்டுகளில் அப்பெயர் உலகெங்கும் ஒரு சுருள்முடிச் சிறுமிக்குரியதாகிவிட்டது. பின்னாளில் பேருடல் படைத்த மற்போர் வீரராய் அவர் களம் புகுந்து நாடறியப் புகழ்பெற்றது, ‘பிக் டாடி’ என்னும் வேறொரு பெயரில்.