சுதந்திர தினம் (இந்தியா): கொடியேற்றும் உரிமையின் வரலாறு

இந்தியாவில் பிரிட்டிஷ் ஆட்சி முடிவுற்றதை நினைவுகூர்ந்து ஆகஸ்ட் 15 அன்று கொண்டாடப்படும் தேசிய விடுமுறை சுதந்திர தினம். இதன் வரலாறு பெரும்பாலும் நேருவின் நள்ளிரவு உரையோடும் செங்கோட்டைக் காட்சியோடும் முடிக்கப்படுகிறது. ஆனால் மூவண்ணக் கொடியை ஏற்றும் உரிமை யார் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்று பார்த்தால்தான் இந்நாளின் மரபு உருவான விதம் விளங்கும்.

தேசிய இயக்கம் தானே குறித்துக்கொண்ட நாள் ஜனவரி 26. 1929 டிசம்பரில் லாகூர் காங்கிரஸ் முழு விடுதலைத் தீர்மானம் நிறைவேற்ற, 1930 ஜனவரி 26 முதல் சுதந்திர தினமாகக் கொண்டாடப்பட்டது. ஊர்தோறும் மக்கள் கூடி உறுதிமொழி எடுத்தனர். ஆகஸ்ட் 15ஐத் தேர்ந்தெடுத்தவர் வைஸ்ராய் மவுண்ட்பேட்டன். அது ஜப்பான் சரணடைந்ததன் இரண்டாம் ஆண்டு நிறைவு. நம் போராட்டத்துக்கும் அந்தத் தேதிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பழைய நாளை விட்டுவிட மனமில்லாமல்தான் 1949 நவம்பரில் ஏற்கப்பட்ட அரசியலமைப்பை முழுமையாக நடைமுறைக்குக் கொண்டுவர 1950 ஜனவரி 26 வரை காத்திருந்தார்கள். ஆக, தேதியைத் தந்தது வைஸ்ராய். கொடியேற்றும் சடங்கோ போராட்டத்தில் விளைந்தது. 1923இல் நாகபுரியில் கொடிக்காகவே ஒரு சத்தியாகிரகம் நடந்தது. 1932 ஜனவரியில் கொடியேந்தி ஊர்வலம் சென்ற திருப்பூர் குமரன் போலீஸ் தடியடிக்குப் பலியானார். அதே மாதம் 26ஆம் தேதி ஆர்யா என்ற பாஷ்யம் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டைக் கொடிமரத்தில் ஏறி மூவண்ணக் கொடியைப் பறக்கவிட்டார்.

செங்கோட்டை மரபே அசல், மற்றவை அதன் நகல்கள் என்று வாதிடலாம். ஆனால் அந்தக் கோட்டையில் நேரு முதன்முதலாகக் கொடியேற்றியது 1947 ஆகஸ்ட் 16 அன்று. பலர் நினைப்பதுபோல் 15 அன்று அல்ல. ஆகஸ்ட் 15ஐ எல்லாரும் ஒரே மனத்தோடு வரவேற்கவும் இல்லை. பெரியார் அதைத் துக்க நாள் என்றார். அண்ணா மாறுபட்டு, இன்ப நாள் என்று எழுதினார். பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரி 1954 நவம்பர் 1 அன்றுதான் இந்திய நிர்வாகத்துக்கு வந்தது. அங்கு விடுதலை நாள் தனியே கொண்டாடப்படுகிறது. ஒரே மையத்திலிருந்து பரவிய மரபு என்ற சித்திரம் இவற்றோடு பொருந்தவில்லை.

மாநிலத் தலைநகரங்களில் 1973 வரை ஆளுநர்களே கொடியேற்றினர். டெல்லியில் பிரதமர் ஏற்றும்போது மாநிலத்தில் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல்வர் ஏன் ஏற்றக்கூடாது என்று தமிழ்நாட்டு முதல்வர் மு. கருணாநிதி கேட்டார். இந்திரா காந்தி அரசு இசைந்தது. 1974 ஆகஸ்ட் 15 அன்று முதல்வர்கள் ஏற்றினர். ஜனவரி 26 ஆளுநர்களுக்கு என்றானது. வெறும் சடங்கு, இதனால் மாநிலத்துக்கு ஓர் அதிகாரமும் கூடவில்லை என்ற மறுப்பு உண்டு. கூடவில்லைதான். ஆனால் மாநில சுயாட்சித் தீர்மானம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியதும் அதே 1974இல்தான். அதிகாரப் பங்கீட்டில் இழுபறி நீடிக்க, மாநிலத்தின் முகம் நியமனம் பெற்றவரா, தேர்வு பெற்றவரா என்ற கேள்விக்காவது கொடிமரத்தடியில் விடை கிடைத்தது. ஆர்யா ஏறிய அதே புனித ஜார்ஜ் கோட்டையில் கருணாநிதி கொடியேற்றியதைத் தற்செயல் என்று ஒதுக்கலாம். எனினும் ஆட்சியின் இருப்பிடத்தில் யாருடைய கை கயிற்றைப் பிடிக்கிறது என்பதே இரு முறையும் பிரச்சினை.

குடிமக்களின் முறை இன்னும் தாமதமாகவே வந்தது. தனியார் எல்லா நாளும் கொடியேற்ற 2002 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த கொடி விதித்தொகுப்பு இடமளித்தது. 2004இல் உச்ச நீதிமன்றம், நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு, அதை அடிப்படை உரிமை என்றது. அத்தோடு உரிமை முழுமையடைந்துவிட்டது என்பார்க்குத் தமிழ்நாட்டு ஊராட்சிகளே மறுமொழி. தலித் ஊராட்சித் தலைவர்கள் கொடியேற்றவிடாமல் தடுக்கப்பட்ட செய்திகள் வந்தபடி இருக்க, சாதிப் பாகுபாடின்றி அவர்கள் கொடியேற்றுவதை உறுதிசெய்யும்படி 2022 ஆகஸ்டில் மாவட்ட ஆட்சியர்களுக்குத் தலைமைச் செயலாளர் கடிதம் எழுத வேண்டியிருந்தது.