லோதி தோட்டத்தில் ஒரு ஊர் இருந்தது

ஊரிலிருந்து விருந்தாளிகள் வந்தால் தில்லித் தமிழ்க் குடும்பங்கள் காட்டுகிற இடங்களுக்கு ஒரு வரிசை உண்டு. செங்கோட்டை, குதுப்மினார், இந்தியா கேட், மலை மந்திர், கடைசியில் சரோஜினி நகர் மார்க்கெட். லோதி தோட்டம் அந்த வரிசையில் வருவதே இல்லை. டிக்கெட் கிடையாது என்பதாலோ என்னவோ, அதைப் பார்க்க வேண்டிய இடமாக யாரும் நினைப்பதில்லை. ஆனால் வருஷக்கணக்கில் இங்கே குடியிருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் குழந்தை குட்டிகளோடும் நாயோடும் போய்ச் சேருகிற இடம் அதுதான். 90 ஏக்கர் புல்லும் மரமும், நடுநடுவே 500 வருஷத்துக் கல்லறைகள். பிள்ளைகளுக்கு ஓட இடம், நாய்க்கு மோந்து பார்க்க மரம், பெரியவர்களுக்கு ஃபிளாஸ்க் காப்பி. வேறென்ன வேண்டும்?

பழைய கல் வாசல் ஒன்றில் தோட்டத்தின் பழைய பெயர் இன்னும் ஆங்கிலத்தில் இருக்கிறது: 'தி லேடி வில்லிங்டன் பார்க்', 1936. சென்னைக்காரர்களுக்கு இந்த அம்மாள் புதியவர் இல்லை. திருவல்லிக்கேணியில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு 'லேடி வெலிங்டன்' என்று பெயர் இருக்கிறதே, அவரேதான். (குன்னூர் பக்கத்து வெலிங்டன் வேறு ஆள், நெப்போலியனை வாட்டர்லூவில் ஜெயித்த பிரபு.) கணவர் வில்லிங்டன் பிரபு 1919 முதல் 1924 வரை மதராஸ் கவர்னராக இருந்தார். பிறகு 1931 முதல் 1936 வரை வைஸ்ராய். போகிற இடமெல்லாம் பெயரை விட்டுவிட்டுப் போவது இந்தத் தம்பதிக்கு வழக்கம். கொச்சியில் ஒரு தீவு இருக்கிறது. தில்லியில் சஃப்தர்ஜங் விமான நிலையமும் ராம் மனோகர் லோஹியா ஆஸ்பத்திரியும் ஒரு காலத்தில் வில்லிங்டன் பெயரில்தான் இருந்தன. இந்தப் பூங்கா திறக்கப்பட்டது 1936 ஏப்ரலில், பதவிக்காலம் முடிந்து அவர்கள் கப்பல் ஏறுகிற நேரத்தில். சுதந்திரத்துக்குப் பிறகுதான் லோதி தோட்டம் என்ற பெயர் வந்தது.

அந்தக் கல்லில் இல்லாத பெயர் ஒன்று இருக்கிறது. கைர்பூர். அதற்கு வருவதற்கு முன்னால் கொஞ்சம் ராஜாக்கள் கதை.

1398ல் தைமூர் வந்து தில்லியைச் சூறையாடிவிட்டுப் போனான். அதன் பிறகு 1414ல் சையத் வம்சம் ஆட்சிக்கு வந்தது. பெயருக்குத்தான் சுல்தான்கள், கையில் பெரிதாக நாடு கிடையாது. அவர்களில் மூன்றாவது ஆளான முகமது ஷாவின் கல்லறைதான் தோட்டத்திலேயே பழையது. 1444 வாக்கில் கட்டினார்கள். எட்டுப் பட்டை, சுற்றிலும் வளைவுகள், மேலே பெரிய கும்மட்டமும் அதைச் சுற்றிக் குட்டிக் குட்டிச் சத்திரிகளும். இதைக் கட்டியவர் மகன் ஆலம் ஷா. இவருடைய ராஜ்ஜியம் பாலம் கிராமம் வரைக்கும்தான் என்று ஊரில் கேலி பேசினார்களாம். இன்று ஏர்போர்ட் இருக்கிற அதே பாலம். மெட்ரோவில் போனால் அரை மணி நேரத்தில் ராஜ்ஜியத்தைக் கடந்துவிடலாம். :-) மனுஷர் 1451ல் தில்லியை பஹ்லூல் லோதியிடம் விட்டுவிட்டு பதாவுனுக்குப் போய் நிம்மதியாக இருந்தார். தில்லி அரசர்களில் இப்படிச் சண்டை போடாமல் ஓய்வு பெற்றவர்கள் ரொம்பக் குறைவு.

லோதிகள் ஆப்கானியர்கள். மூன்றே பேர்: பஹ்லூல், சிக்கந்தர், இப்ராஹிம். சிக்கந்தர்தான் தலைநகரை ஆக்ராவுக்கு மாற்றியவர். ஆனால் 1517ல் இறந்தபோது இங்கேதான் கல்லறை கட்டினார்கள். தோட்டத்தின் வடக்குப் பக்கம், உயரமான சுற்றுச்சுவருக்குள் இருக்கிறது. அமைப்பு முகமது ஷா கல்லறையைப் பார்த்துக் கட்டியது மாதிரியே, எட்டுப் பட்டை. மேலே சத்திரிகள் மட்டும் இல்லை. சுற்றுச்சுவர், நடுவில் கல்லறை, சுற்றிலும் தோட்டம் என்ற ஏற்பாட்டைப் பார்க்கும்போது பின்னால் வரப்போகிற ஹுமாயூன் கல்லறை நினைவுக்கு வரும். மகன் இப்ராஹிம் 1526ல் பானிபட்டில் பாபரிடம் தோற்று இறந்துபோனான். அத்தோடு லோதிகள் கதை முடிந்தது.

நடுவில் இருக்கிற படா கும்பத்துக்குள் சமாதியே கிடையாது. பக்கத்து மசூதி 1494ல் கட்டியது, அதன் சுண்ணாம்பு வேலைப்பாட்டை நின்று பார்க்க வேண்டும். எதிரே ஷீஷ் கும்பத். நீல ஓடுகள் கொஞ்சம் மிச்சமிருக்கின்றன. உள்ளே சில சமாதிகள் இருக்கின்றன, யாருடையவை என்று எழுதி வைக்கவில்லை. என் பெண்ணுக்கு இதுதான் பிடித்த கட்டடம். "பேர் போடாமலேயே இவ்ளோ பெரிசா கட்டினாங்களாப்பா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. (நாங்கள் மணியை மசூதிக்குள்ளும் கல்லறைகளுக்குள்ளும் கூட்டிக்கொண்டு போவதில்லை. நானும் தங்கமணியும் மாறி மாறி வெளியே சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நிற்போம். அது பிரார்த்தனைக்கும் சமாதிக்குமான இடம், அவ்வளவுதான்.)

இனி கைர்பூர்.

முகலாயர்கள் முதலில் ஆக்ரா, பிறகு ஷாஜஹானாபாத் என்று இருந்துவிட்டதால் இந்தப் பக்கம் மெல்ல வயலும் கிராமமுமாக மாறியது. கல்லறைகளைச் சுற்றியும் அவற்றை ஒட்டியும் வீடுகள் வந்தன. ஆடு மாடு, கிணறு, சாணி, அடுப்புப் புகை என்று சாதாரண ஊர். கும்மட்டங்கள் அவர்களுக்குச் சரித்திரச் சின்னம் இல்லை. நம் ஊரில் பழைய மண்டபத்தில் வைக்கோல் அடுக்கி வைப்பார்களே, அது மாதிரி.

1911 டிசம்பர் 12ஆம் தேதி தில்லி தர்பாரில் ஐந்தாம் ஜார்ஜ் எழுந்து நின்று தலைநகர் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாறுகிறது என்று அறிவித்தார். கூட்டத்துக்கே அது அதிர்ச்சி, அதுவரை ரகசியமாக வைத்திருந்தார்கள். உடனே நிலம் வேண்டுமே. 1894ஆம் வருஷத்து நில ஆர்ஜிதச் சட்டத்தை எடுத்தார்கள். ராய்சினா, மால்ச்சா என்று வரிசையாகக் கிராமங்கள் காலியாயின. இன்று ராய்சினா என்றால் ஜனாதிபதி மாளிகை நிற்கிற மேடு. அது ஒரு ஊரின் பெயர் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? புது தில்லி 1931ல் திறப்பு விழா கண்டது. கைர்பூர் அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் தாக்குப் பிடித்தது. பூங்கா வேண்டும் என்று முடிவானதும் அந்த மக்களையும் வேறிடத்துக்கு அனுப்பிவிட்டு, வீடுகளை அகற்றி, கல்லறைகளை மட்டும் விட்டுவைத்து, சுற்றிலும் புல் போட்டார்கள். இங்கிலாந்தில் பெரிய பிரபுக்களின் பண்ணை வீடுகளில், புல்வெளி நடுவே பாழடைந்த கோபுரம் ஒன்று நின்றால் அழகு என்று ஒரு ரசனை உண்டு. அந்த ரசனைக்குக் கல்லறை வேண்டும், கல்லறைக்குப் பக்கத்தில் வறட்டி தட்டுகிறவர்கள் வேண்டாம்.

இன்று நாம் பார்க்கிற தோட்டம் முழுக்க 1936ஆம் வருஷத்துத் தோட்டமும் இல்லை. 1968ல் ஜோசப் ஆலன் ஸ்டைன் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞரும், காரெட் எக்போ என்ற தோட்டக்கலை வல்லுநரும் சேர்ந்து அதைத் திருத்தி அமைத்தார்கள். கண்ணாடி வீடு அப்போது வந்தது. பக்கத்தில் இருக்கிற இந்தியா இன்டர்நேஷனல் சென்டரும் ஸ்டைன் கட்டியதுதான், 1962ல் திறந்தது. சுவரைத் தாண்டி மரம் எங்கே முடிகிறது, கட்டடம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாதபடி கட்டியிருப்பார். எனக்கு ஸ்டைன் மேல் மரியாதை உண்டு. கைர்பூரைக் காலி செய்ததில் அவருக்குப் பங்கில்லை.

தோட்டத்தின் இன்னொரு வகைக் குடிகள் நாய்கள். வீட்டு நாய்களைச் சொல்லவில்லை, அங்கேயே பிறந்து அங்கேயே வளர்கிற தெரு நாய்கள். தில்லிக் குளிரில் யாராவது புண்ணியவான் அவற்றுக்குச் சாக்கிலோ பழைய ஸ்வெட்டரிலோ சட்டை தைத்துப் போட்டிருப்பார். எங்கள் மணியும் தெருவில் கிடந்து வந்தவன்தான். அதனால் 2025 ஆகஸ்ட் 11ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, தில்லி வட்டாரத் தெரு நாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகங்களில் அடைக்க வேண்டும், திரும்ப விடக்கூடாது என்று உத்தரவிட்டபோது வீட்டில் பிள்ளைகள் சாப்பிடவில்லை. ஆகஸ்ட் 22ஆம் தேதி மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது: கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடலாம், வெறிநாய்க்கடி நோய் உள்ளவற்றையும் கடிக்கிற சுபாவம் உள்ளவற்றையும் தவிர. தீனி போடுவதற்குத் தனி இடம் குறிக்க வேண்டும் என்றும் சொன்னது. நவம்பர் 7ஆம் தேதி பள்ளிகள், ஆஸ்பத்திரிகள், பஸ் ஸ்டாண்டுகள், ரயில் நிலையங்கள் போன்ற இடங்களுக்கு இன்னும் கடுமையான உத்தரவு வந்தது. கடிபட்ட குழந்தையின் பெற்றோர் பேசுவதையும் நான் கேட்டிருக்கிறேன். அவர்கள் பக்கத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. கருத்தடையையும் தடுப்பூசியையும் 2001லேயே விதியாக எழுதி வைத்துவிட்டு ஒழுங்காகச் செய்யாமல் விட்டதுதான் கோளாறு என்பது என் கட்சி.

அந்த ஆகஸ்டில் பெண் கேட்ட கேள்வி நாயைப் பற்றி இல்லை. "அக்கா வீட்டை இடிச்சப்ப மட்டும் யாரும் ஏன் மெழுகுவத்தி ஏத்தலை?"

அக்கா என்பது எங்கள் வீட்டில் ஆறு வருஷம் சமையலுக்கு உதவியாக இருந்தவர். ஜங்க்புராவில் மதராசி கேம்ப்பில் குடியிருந்தவர். தில்லித் தமிழர்களுக்கு அந்த இடத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள் பாராபுல்லா கால்வாய் ஓரத்தில் குடிசை போட்டு, பிறகு செங்கல் வைத்து, இரண்டு மூன்று தலைமுறையாக வாழ்ந்த குடியிருப்பு. சுற்றியிருக்கிற காலனிகளில் எத்தனையோ வீட்டுப் பாத்திரங்கள் அவர்கள் கையால்தான் துலங்கின. கால்வாயை அடைத்துக்கொண்டு நிற்பதால்தான் மழையில் வெள்ளம் தேங்குகிறது என்ற வழக்கில் 2025 மே மாதம் தில்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. ஜூன் 1ஆம் தேதி புல்டோசர்கள் வந்தன. சுமார் 370 வீடுகள். அவற்றில் மாற்று வீட்டுக்குத் தகுதி என்று 189 குடும்பங்களைத்தான் பட்டியலில் சேர்த்தார்கள். அந்த வீடும் நரேலாவில், அதாவது தில்லியின் வடகோடியில், ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தள்ளி. ஊர் திரும்ப விரும்புகிறவர்களுக்கு உதவுவதாகத் தமிழக அரசு அறிவித்தது. ஊரில் என்ன இருக்கிறது திரும்பிப் போக, என்று அக்கா கேட்டார்.

கைர்பூர்க்காரர்களும் இப்படித்தான் எதையாவது கேட்டிருப்பார்கள். யாரும் எழுதி வைக்கவில்லை.

இதற்கும் லோதி தோட்டத்துக்கும் இன்னொரு முடிச்சு இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். சிக்கந்தர் கல்லறைக்குக் கொஞ்சம் கிழக்கே அட்புலா என்ற கல்பாலம் இருக்கிறது. அக்பர் காலத்தில் நவாப் பகதூர் என்பவர் கட்டியது. எட்டுத் தூண், ஏழு வளைவு. பெயரே எட்டுத் தூண் பாலம்தான். யமுனைக்குப் போன ஒரு ஓடை அடியில் ஓடியது. இப்போது ஓடையின் மிச்சமாக ஒரு குளம், அதில் வாத்துகள். நிஜாமுதீன் பக்கம் போனால் இதற்கு அண்ணன் மாதிரி பாராபுல்லா. பன்னிரண்டு தூண், பதினொரு வளைவு. ஜஹாங்கீர் காலத்தில் மிஹ்ர் பானு ஆகா என்ற அரண்மனை அதிகாரி கட்டியது. 2010 காமன்வெல்த் போட்டிக்காக வந்த ஃபிளைஓவருக்கும் இந்தப் பெயரைத்தான் வைத்தார்கள். பழைய பாலத்தின் மேலேயே வெகுகாலம் சந்தை நடந்தது. 2024ல் கடைகளை அகற்றிவிட்டுப் பாலத்தைச் சீர் செய்ய ஆரம்பித்தார்கள். மதராசி கேம்ப் இருந்தது அதே கால்வாயின் கரையில்தான்.

ஒரு பாலத்தின் கீழே குளமும் வாத்தும், இன்னொன்றின் கீழே சாக்கடை. 1936ல் அட்புலா பக்கம் நடந்தது 2025ல் பாராபுல்லா பக்கம் நடந்தது என்று சொன்னால் சில நண்பர்கள் சண்டைக்கு வருகிறார்கள். வெள்ளம் தேங்குவது நிஜம்தானே, கால்வாயைத் தூர் வார வேண்டாமா என்கிறார்கள். வார வேண்டும்தான். ஆனால் 40 கிலோமீட்டர் தள்ளித்தான் வீடு கொடுக்க முடியும் என்பது எந்த நீரியல் கணக்கு? பட்டியலில் வராத குடும்பங்களின் பிள்ளைகள் நடுவருஷத்தில் பள்ளிக்கூடத்துக்கு என்ன செய்வார்கள்? லோதி எஸ்டேட்டில் நம் தமிழ்ப் பள்ளி இருக்கிறது, தோட்டத்திலிருந்து கூப்பிடு தூரம். நரேலாவிலிருந்து அதற்கு வருவதென்றால் விடிவதற்கு முன் கிளம்ப வேண்டும். அக்காவின் பையன் கொஞ்ச நாள் அப்படித்தான் வந்தான்.

போக நினைப்பவர்களுக்கு: மஞ்சள் லைனில் ஜோர் பாக் ஸ்டேஷனில் இறங்கினால் நடந்துவிடலாம். நவம்பரில் புகை, மே மாதத்தில் அனல். பிப்ரவரி, மார்ச் பூக்கிற காலம், அப்போது போங்கள். நாயைச் சங்கிலியை விட்டு அவிழ்க்காதீர்கள், குளத்து வாத்துகளைப் பார்த்தால் எங்கள் மணிக்கே புத்தி கெட்டுவிடும். பை ஒன்று எடுத்துப் போய் அதன் கழிவை நீங்களே அள்ளிவிடுங்கள். பிள்ளைகளை அட்புலாவில் நிறுத்தித் தூண்களை எண்ணச் சொல்லுங்கள். பிறகு ஒரு ஆட்டோ பிடித்து நிஜாமுதீன் பக்கம் போய் மற்றதையும் எண்ணட்டும்.